எரிந்த பற்றைநிலத்தைக் கணக்கெடுத்தல்

கமக்காரரே,

மாத்தளை மாவட்டத்தின் கிழக்குப் புறத்திலே, சிறுபோகப் பயிர் முற்றும் ஆடி, ஆவணி, புரட்டாதி மாதங்களில், மலைச்சரிவுகளில் மானாப் புல்லும் பற்றையும் தீப்பற்றி எரிவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். தென்மேற்குப் பருவக்காற்று இறத்தோட்டைப் பக்கத்துச் சரிவிலே மழையைக் கொட்டிவிட்டு, ரிவஸ்டன் கணவாயைத் தாண்டி லக்கலைப் பக்கம் இறங்கும்போது ஈரமற்ற வெறுங்காற்றாய் விடுகின்றது. அக்காலத்தில் அப்பக்கத்துப் புல் வைக்கோலாய்க் காய்ந்து நிற்கும். ஒரு பொறி விழுந்தால் போதும். மாலைக்குள் ஒரு சரிவு முழுவதும் கருகிவிடும்.

இது வனபரிபாலனத் திணைக்களத்தாரின் காரியம், வயல் செய்யும் எமக்கு இதில் என்ன என்று நினைப்பவர் பலர். அந்நினைவு சரியன்று. தெல்கமு ஓயாவும் களு கங்கையும் நக்கிள்ஸ் மலையிலே தோன்றி, ஈற்றில் அம்பன் கங்கையைச் சேர்வன. அவற்றுக்கு வந்துசேரும் சிற்றோடைகள் யாவும் இப்புல்வெளிகளையும் பற்றைக்காடுகளையும் ஊடறுத்தே வருகின்றன. உங்கள் அணைக்கட்டுக்கு நீர் தருவது ஓடை மட்டுமன்று; ஓடைக்கு மேலுள்ள சரிவுமே ஆகும். புல்லும் பற்றையும் போர்த்திய நிலத்தில் மழைத்துளி இலையில் விழுந்து உடைந்து, சருகில் வடிந்து, மெல்ல மண்ணுள் இறங்கும். எரிந்த நிலத்திலோ அது நேரே மண்ணில் அடிக்கும். அடிபட்ட மண் கரைந்து துவாரங்கள் அடைபட்டுப் போக, நீர் உள்ளிறங்காது மேலே ஓடும். ஐப்பசி மாதத்து இடிமழை வரும்வரை அச்சரிவு வெறுமையாய்க் கிடப்பின், சாம்பலும் மண்ணும் உங்கள் வாய்க்காலுக்கே வந்து சேரும். பெரும்போகத்துக்கு நீர் திறக்கும் வேளையில் வாய்க்கால் மேடிட்டிருப்பதன் காரணத்தை அப்பொழுது தேடிப் பயனில்லை. போஞ்சியும் கத்தரியும் மிளகாயும் நடும் தோட்டக்காரருக்கும் இதே கதிதான். மேட்டிலிருந்து வரும் வண்டல் பாத்திகளை மூடும். கோடையில் கைகொடுக்கும் ஊற்று முன்னதாகவே வற்றும்.

ஆதலின் எந்தச் சரிவு, எந்நாள், எவ்வளவு எரிந்தது என்னும் கணக்கு கமக்காரர் கையில் இருத்தல் வேண்டும். அக்கணக்கை வைத்திருப்பவர் எவர் என்று பார்ப்போம்.

வானிலிருந்து காணும் முறை

இக்காலத்திலே உலகெங்கும் எரிந்த நிலத்தை அளப்பது செய்மதிகளின் மூலமேயாகும். இது மாயமன்று, இதன் தத்துவத்தை எவரும் விளங்கிக்கொள்ளலாம். பச்சை இலை, எம் கண்ணுக்குப் புலப்படாத ஒருவகைச் செந்நிறக் கீழொளியை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். அதனினும் நீண்ட அலையுடைய வேறொரு கீழொளியை, இலையிலும் மண்ணிலும் உள்ள நீர் உறிஞ்சிக்கொள்ளும். நிலம் எரிந்ததும் முன்னையது குறையும். நீர் இல்லாமையால் பின்னையது கூடும். எரியுமுன் எடுத்த படத்தையும் எரிந்தபின் எடுத்த படத்தையும் ஒப்பிட்டு, இவ்விரண்டினதும் விகிதம் எங்கே மாறியதென்று பார்த்தால், எரிந்த இடம் தனித்துத் தெரியும். மாற்றம் எவ்வளவு பெரிதோ, எரிவும் அவ்வளவு கடுமையானது எனக் கொள்வர்.

இவ்வேலைக்கென உள்ள செய்மதிகள் பல. லாண்ட்சாற் என்னும் வரிசையில் முதலாவது 1972 ஆம் ஆண்டில் ஏவப்பட்டது. அதன் படங்கள் 2008 ஆம் ஆண்டிலிருந்து எவர்க்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. இப்போதுள்ள லாண்ட்சாற் படத்திலே ஒரு புள்ளி 30 மீற்றர்ச் சதுரம், அஃதாவது ஏறக்குறைய 36 பேர்ச் நிலம். 2015 ஆம் ஆண்டு முதல் ஐரோப்பியர் ஏவிய சென்றினல்-2 செய்மதிகள், எரிவைக் காட்டும் ஒளியில் 20 மீற்றர்ச் சதுரத்தை ஒரு புள்ளியாகக் காட்டும். அது 16 பேர்ச் அளவே. இவை ஐந்து நாட்களுக்கொருமுறை ஒரே இடத்தின்மேல் வரும்.

உலகம் முழுவதற்கும் நாடோறும் கணக்கெடுப்பவை வேறு. 1999, 2002 ஆம் ஆண்டுகளில் அமெரிக்கர் ஏவிய இரு செய்மதிகளிலுள்ள மோடிஸ் என்னும் கருவியிலிருந்தே, நெடுங்காலமாக உலகின் எரிநிலப் படங்கள் ஆக்கப்பட்டு வந்தன. அப்படத்தில் ஒரு புள்ளி 500 மீற்றர்ச் சதுரம் எனப்படும். 50 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் ஒரே புள்ளியாகும். அதற்குப் பின்வந்த வியர்ஸ் என்னும் கருவி எரிந்துகொண்டிருக்கும் தீயின் வெப்பத்தை உணர்வது. அதன் புள்ளி 375 மீற்றர்ச் சதுரம், ஏறக்குறைய 35 ஏக்கர். தீ நன்கு மூண்டிருக்கும் வேளையில் மேலே வந்தால், புள்ளியிலும் மிகச் சிறிய தீயையும் அது காணும். ஆனால் வரும் வேளை பகல் ஒன்றரை மணியளவும் இரவு ஒன்றரை மணியளவுமே. பிற்பகல் மூன்று மணிக்குப் பற்றிப் பொழுதுசாயும் முன் அணைந்துபோன மானாப் புல் தீயை அது எவ்வாறு காணும்?

சிறிய தீவும் சிறிய எரிவும்

லக்கலைப் பிரதேசத்துப் பிட்டவளைப் பத்தனையை நீங்கள் அறிவீர்கள். இறத்தோட்டையிலிருந்து இலுக்கும்புரைக்குச் செல்லும் பாதையோரத்துப் புல்வெளி அது. அதன் பரப்பு 10 ஹெக்டயர் அளவே. அஃதாவது 25 ஏக்கர். நக்கிள்ஸ் மலைக்கே உரிய ஒரு பாறைத் தவளை அங்கு வாழ்கின்றது. அப்பத்தனை முழுவதும் எரிந்தாலும், மோடிஸ் படத்தில் அது அரைப்புள்ளிக்கு மேற்படாது. மலைச்சரிவில் எரியும் ஏனைய துண்டுகளோ அதனினும் சிறியன. நாலு ஏக்கர் எரிந்தால், நில அளவைத் திணைக்களத்தின் ஐம்பதினாயிரத்துக்கு ஒன்று என்னும் அளவுப் படத்தில் அது ஒரு பயற்றம் விதைக்குமேல் இராது. அதே படத்திலே மோடிஸ் புள்ளி விரல்நகத்தளவு இருக்கும். விரல்நகத்தை வைத்துப் பயற்றம் விதையை அளக்க முற்படுவது போன்றதே இது.

இக்குறை எவ்வளவு பெரிதென்பது ஆபிரிக்காவிலே தெரியவந்தது. சகாராவுக்குத் தெற்கேயுள்ள நாடுகளில் 2016 ஆம் ஆண்டில் எரிந்த நிலத்தை, சென்றினல்-2 படங்களைக் கொண்டு ஆராய்ச்சியாளர் மீண்டும் அளந்தனர். கிடைத்த தொகை ஏறக்குறைய 49 இலட்சம் சதுர கிலோமீற்றர். மோடிஸ் காட்டிய அளவிலும் அது 80 சதவீதம் அளவில் கூடியது. மேலதிகமாகக் கிடைத்தவை பெரும்பாலும் சிறிய எரிவுகளே. பரந்த ஆபிரிக்கப் புல்வெளியிலேயே இவ்வாறாயின், துண்டு துண்டாய் எரியும் தீவுகளைப்பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

பசிபிக் சமுத்திரத்துப் பிஜித் தீவின் உலர்ந்த மேற்குப் புறத்திலே, அடிக்கடி எரிந்து எரிந்து காடு திரும்பாத புல்நிலம் உண்டு. அந்நாட்டார் அதனைத் தலசிங்கா என்பர். வெயிலாற் சுட்ட நிலம் என்பது அதன் பொருள். கரும்புத் தோட்டத்துக்குச் சென்ற தமிழரின் வழிவந்தோரும் அப்பக்கத்தில் வாழ்கின்றனர். குவாம் என்னும் தீவிலே வேட்டைக்காரர் இடும் தீயினால் சரிவுகள் வெறுமையாகி, மண் ஓடைவழியே சென்று கடலிலுள்ள முருகைக்கல்லை மூடுகின்றது. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான மௌயியில், கைவிடப்பட்ட கரும்பு நிலங்களிலே கினிப்புல் முதலிய அந்நியப் புற்கள் மண்டிக் கிடந்தன; 2023 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8 ஆம் திகதி பெருங்காற்றில் மூண்ட தீ, லகாயினா நகரை அழித்து நூறு பேருக்கு மேற்பட்டோர் உயிரைக் குடித்தது. அக்கினிப்புல்லே எமது வீதியோரங்களிலும் தரிசு நிலங்களிலும் வளர்கின்றது என்பதை நினைவில் வைத்தல் நன்று.

ஐக்கிய நாடுகள் சபையார் வகுத்த சிறுதீவு நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. எனினும் மாத்தளை மலைச்சரிவின் நிலை அத்தீவுகளின் நிலையே: ஒருபுறம் மழை, மறுபுறம் வறட்சி, நடுவிலே செங்குத்தான சரிவு, சிறுசிறு எரிவு, அடிவாரத்தில் மக்கள்.

சென்றினல் படம் இக்குறையைப் பெரிதும் நீக்கும் என்பது உண்மை. ஆயினும் அதற்கும் இடையூறுகள் உள. ரிவஸ்டன் முகட்டில் முகில் மூடிய நாட்களே மிகுதி; முகிலுக்குக் கீழே நடப்பதை அது காணாது. மானாப் புல்லோ அடித்தூரிலிருந்து விரைவில் தளிர்ப்பது. இருவாரம் முகில் மூடியிருந்து விலகுமாயின், கருமை மறைந்து பசுமை படர்ந்திருக்கும். மேலும், மலையின் நிழல், முகிலின் நிழல், புதிதாய் உழுத ஈரவயல், அறுவடைக்குப்பின் வைக்கோல் எரித்த திடல் இவையெல்லாம் கணிப்பொறிக்கு எரிந்த காடுபோலத் தோன்றி ஏமாற்றுவதுண்டு. நிலத்தில் நின்று பார்த்த ஒருவரின் குறிப்பு இல்லாவிடின் இவற்றைப் பிரித்தறிவது கடினம். அக்குறிப்பை எழுதக்கூடியவர் அந்த ஓடையிலே நீர் பாய்ச்சும் நீங்களே.

குறிப்பு எழுதும் முறை

ஓர் அப்பியாசக் கொப்பி போதும். கமக்காரர் அமைப்புக்கு ஒன்றாக வைத்துக்கொண்டால் இன்னும் நன்று. ஏன் என்பதைப் பின்னர் கூறுவேன்.

தீயைக் கண்ட திகதியும் வேளையும் முதலில் எழுதுக. இடத்தின் பெயரை ஊரார் வழங்கும்படியே எழுதலாம். ஆனால் அதனோடு, எந்த ஓடைக்கு மேல், எந்தப் பக்கத்துச் சரிவு என்பதையும் சேர்த்தல் வேண்டும். கைத்தொலைபேசி உள்ளவர் அதிலே இடக்குறியைப் பார்த்து எழுதுக. மாத்தளை நகர் வடக்கு 7.47, கிழக்கு 80.62 பாகையளவில் உள்ளது. தசமத்துக்குப் பின் மூன்று இலக்கத்தோடு நிறுத்தினால், குறித்த இடம் நூறு யார் அளவுக்கு விலகிப் போகலாம். ஐந்து இலக்கமும் எழுதினால் அளவின் துல்லியம் யார்க்கணக்கிற்கு வந்துவிடும். எனவே சோம்பலின்றி ஐந்து இலக்கமும் எழுதுக.

எரிந்தது எது என்பது மிக முக்கியம். வெறும் மானாவா, இலுக்கா, பற்றையா, காட்டின் விளிம்பா? புல் மட்டும் எரிந்த நிலம் விரைவில் மூடிக்கொள்ளும். பற்றை எரிந்த நிலம் அவ்வாறன்று. தடித்த பட்டையுடைய நெல்லி, கடுக்காய், தான்றி மரங்கள் தீக்குத் தாக்குப்பிடிப்பன. ஆனால் அவற்றின் கன்றுகள் தாக்குப்பிடியா. பட்டை தடிக்கும் முன்னரே மறுபடி மறுபடி எரிந்தால், கிழமரம் மட்டும் நிற்க, அடுத்த தலைமுறை இல்லாது போகும். திரிபலைச் சூரணத்துக்குரிய மூன்று மரங்களும் ஒருங்கே நிற்கும் சரிவு எமது மாவட்டத்தில் உண்டு என்பதை நாட்டு வைத்தியர்கள் நன்கறிவர்.

பரப்பை அளக்கும் முறை, பண்ணைப் பாடசாலையில் நில அளவுப் பாடத்திலே எமக்குக் கற்பித்த பழைய எட்டுமுறையே. முதலில் வீட்டுக்கு முன்னே 100 அடி நீளத்தை நாடாவால் அளந்து, வழக்கமான நடையில் எத்தனை எட்டு என எண்ணுக. 40 எட்டாயின் ஓர் எட்டு 2½ அடி. பின், எரிந்த நிலத்தின் நீளத்தை நடுவே நடந்து எண்ணுக. அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்றிடத்தில் எண்ணிச் சராசரி காண்க. நீளம் 240 எட்டு. அகலங்கள் 110, 150, 100 எட்டு எனக் கொள்வோம். அகலத்தின் சராசரி 120. ஆகவே 600 அடி நீளமும் 300 அடி அகலமும். பெருக்க 180,000 சதுர அடி. ஓர் ஏக்கர் 43,560 சதுர அடியாதலின், எரிந்தது 4 ஏக்கருக்குச் சற்று மேல். சரிவிலே மேல்நோக்கி நடந்த அளவு படத்தின் அளவிலும் கூடியதாகவே வரும். 30 பாகைச் சரிவில் 100 அடி நடந்தால் படத்தில் 87 அடியே. இதற்காக நீங்கள் கணக்குப் போட்டு வருந்தவேண்டாம். “செங்குத்து” என்றோ “சாய்வு” என்றோ ஒரு சொல் எழுதினால் படம் வரைபவர் திருத்திக்கொள்வார்.

தீ அணைந்த அன்றே உள்ளே செல்லுதல் ஆகாது. அடிக்கட்டைகளும் வேர்களும் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். சூட்டினால் தளர்ந்த கல் உருளும். நக்கிள்ஸ் மலைப்பகுதி 2000 ஆம் ஆண்டில் பேணற்காடாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. 2010 ஆம் ஆண்டில் உலக மரபுரிமையிலும் சேர்க்கப்பட்டது. அவ்வெல்லைக்குள் அனுமதியின்றிப் புகவேண்டாம். அங்கே எரிந்திருப்பின், எதிர்ச்சரிவிலோ பாதையோரத்திலோ நின்று ஒரு படம் எடுத்து, நின்ற இடத்தின் குறியையும் பார்த்த திசையையும் எழுதினால் போதும்.

உள்ளே செல்லக்கூடிய நிலமாயின் சாம்பலின் நிறத்தைப் பார்க்க. கரியும் கருஞ்சருகும் எஞ்சியிருந்தால் எரிவு இலேசானது. வெண்சாம்பல் படிந்திருந்தால் கடுமையானது. வெண்சாம்பலை விலக்கி மண்ணில் ஒரு துளி நீர் விடுக. உடனே உறிஞ்சின் குற்றமில்லை. ஐந்து எண்ணும்வரை முத்துப்போல் நிற்குமாயின், எரிந்த பொருளின் மெழுகு மண்ணிற் படிந்து நீரைத் தள்ளுகின்றது எனக் கொள்க. புல் எரிந்த இடத்தில் இதனைக் காண்பது அரிது. பற்றை குவிந்து நெடுநேரம் எரிந்த இடத்தில் தேடிப்பார்க்க.

பதிவினாற் பயன் என்ன?

ஒவ்வொரு போகத்துக்கும் முன் கன்னக் கூட்டம் நடைபெறுகின்றதல்லவா? பெரும்போகக் கூட்டத்துக்கு இக்கொப்பியைக் கொண்டு செல்லுங்கள். உங்கள் அணைக்கட்டுக்கு மேலே இவ்வாண்டு எத்தனை ஏக்கர் எரிந்தது என்று காட்டினால், எந்த வாய்க்காலை இரண்டாமுறை தூர்வாரவேண்டும், எந்த ஓடைவாயில் வண்டற்குழி வெட்டவேண்டும் என்பதைக் கமநல சேவை நிலைய உத்தியோகத்தரோடு அங்கேயே பேசி முடிக்கலாம். சரிவின் அடியில் தோட்டம் வைத்திருப்பவர், மழைக்கு முன்னரே சமவுயரக் கோட்டில் கல்வரம்போ, கிளிரிசிடியா வேலியோ இட்டுக்கொள்ளலாம். அதற்கு நேரமில்லாதவர், வெட்டிய கிளைகளை நீர்வடியும் கோடுகளுக்குக் குறுக்கே அடுக்கி முளையடித்தாலும் மண்ணைப் பெருமளவு மறிக்கலாம். எரிந்தது நல்வாய்ப்பென்று அச்சரிவைக் கொத்தி எள்ளோ குரக்கனோ விதைப்பதுதான் ஒருபோதும் செய்யத்தகாதது. தளிர்க்கவிருக்கும் புல்வேரையும் அகற்றிவிட்டால் பின்பு மண்ணைப் பிடிக்க எதுவும் இராது.

ஒரே கிராமப் படத்திலே ஆண்டுக்கொரு நிறமாக எரிந்த இடங்களை வரைந்துவரின் வேறொன்றும் புலனாகும். நாலைந்து ஆண்டில் ஒரே சரிவில் மூன்று நிறம் ஏறியிருக்கும். பக்கத்துச் சரிவு வெள்ளையாகவே நிற்கும். எமது மலைகளில் பெரும்பாலும் தீ தானாகப் பற்றுவதன்று. மாட்டுக்கு இளம்புல் வேண்டி, சேனைக்கு நிலம் துப்புரவாக்க, வேட்டைக்கு, தேன் எடுக்க, அல்லது பொழுதுபோக்க வந்தோரின் கவலையீனத்தால் மனிதரே மூட்டுவது. மூன்று நிறம் ஏறிய சரிவு எதுவெனத் தெரிந்தால், தீத்தடைப் பாதை எங்கே வெட்டவேண்டும், காய்ந்த மாதங்களில் எவ்விடத்தைக் கவனிக்கவேண்டும் என்பதும் தெரியும். எல்லா மலைக்கும் காவல் வைக்க ஒருவராலும் இயலாது.

இங்கே உங்களுட் பலர் சொல்லாது வைத்திருக்கும் ஓர் அச்சத்தையும் பேசவேண்டும். “தீயை அறிவித்தால் மூட்டியவன் நீயோ என்று என்னையே கேட்பார்கள்” என்பதே அது. ஒதுக்கிய காட்டில் தீயிடுவது 1907 ஆம் ஆண்டின் காடுகள் பற்றிய கட்டளைச் சட்டத்தின்படி குற்றமாகையால், இவ்வச்சம் காரணமற்றதன்று. ஆதலினாலேயே கொப்பி தனியொருவர் பெயரில் இராது அமைப்பின் பெயரில் இருக்கட்டும் என்றேன். அதில் இடமும் நாளும் பரப்புமே எழுதப்படவேண்டும். மூட்டியவர் யார் என்னும் ஊகம் ஒரு வரியும் வேண்டாம். ஊகம் எழுதத் தொடங்கிய கொப்பி அயலவர் சண்டைக்கு ஆயுதமாகிப் பின்னர் அடுப்பிற்கே போகும். தீ எரிந்துகொண்டிருக்கும்போது அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்னும் தொலைபேசி இலக்கத்துக்கும், அண்மையிலுள்ள வன அலுவலகத்துக்கும் உடனே அறிவிக்க. பதிவின் பிரதியொன்றைக் கிராம உத்தியோகத்தரிடமும் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடமும் மாதமுடிவிலே கொடுத்தால், செய்மதிப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வழியுண்டாகும்.

இன்னொரு சிறுவேலை. ஐப்பசியில் முதல் பெருமழை பெய்து ஓடை பெருகும்போது, எரிந்த சரிவின் ஓடையிலிருந்து ஒரு போத்தல் நீரும், எரியாத சரிவின் ஓடையிலிருந்து அதேயளவான போத்தலில் நீரும் எடுத்து, ஓரிரவு அசையாது வைக்க. காலையில் அடியிற் படிந்த மண்ணின் உயரத்தை இரண்டிலும் அளந்து கொப்பியில் எழுதுக. வெள்ளம் சுழித்தோடும் வேளையில் ஓடையில் இறங்காது, கயிற்றிற் கட்டிய வாளியால் அள்ளுக. போத்தல்களிலே ஓடையின் பெயரையும் திகதியையும் எழுதி ஒட்டி, கன்னக் கூட்டம் வரை எறியாது வைத்திருங்கள்.